விரிப்பை எடுத்தோம், குப்பையை விட்டோம்



கோடை விடுமுறை நெருங்கிவிட்டது. நம் குடும்பங்களில் பலர் இந்நேரம் வேன் பேசி முடித்திருப்பார்கள். யார் யார் வருகிறார்கள், என்ன சமைத்து எடுத்துச் செல்வது என்ற பேச்சு வீட்டுக்கு வீடு நடந்துகொண்டிருக்கும். இந்த வேளையில், சில ஆண்டுகளாக என் நெஞ்சில் முள்ளாய்த் தைத்திருக்கும் ஒரு நிகழ்வை உங்களிடம் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. அல்லாஹ் மறைத்துவைத்த குறையை அடியான் தானே வெளிப்படுத்திக்கொண்டு திரிவதை மார்க்கம் விரும்பவில்லை என்பதை அறிவேன். ஆயினும் என் குடும்பம் விழுந்த அதே குழியில் இன்னொரு குடும்பம் விழாதிருக்கட்டும் என்ற ஒரே எண்ணத்தில் இதை எழுதுகிறேன்.

2022 மே மாதம். நோன்புப் பெருநாள் முடிந்து இரண்டு வாரங்களில், எங்கள் கடலோர ஊரிலிருந்து உதகமண்டலத்துக்குப் புறப்பட்டோம். பெரியவர்களும் குழந்தைகளுமாகப் பதினேழு பேர். கூடவே ஒரு சமையல்காரர். கொரோனாவுக்குப் பின் முதன்முறையாகக் குடும்பம் முழுவதும் சேர்ந்து செல்லும் பயணம் என்பதால் மகிழ்ச்சிக்குக் குறைவில்லை. அரிசி, மசாலா, அண்டா எல்லாம் ஏறின. அவற்றோடு இருநூறு காகிதத் தட்டுகள், அதே அளவு குவளைகள், ஆறு டஜன் தண்ணீர் பாட்டில்கள். பட்டியல் போட்டவள் நான்தான். வழியில் பாத்திரம் கழுவும் வேலை இருக்கக் கூடாது என்பது ஒன்றே என் நோக்கமாக இருந்தது.

நீலகிரியில் சிறிய தண்ணீர் பாட்டில்களுக்குத் தடை உண்டு என்பது எங்களுக்குத் தெரியாததன்று. ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றுக்குத் தமிழகம் முழுவதுமே 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. மலையடிவாரச் சோதனைச் சாவடியில் எங்கள் பாட்டில்களை இறக்கி வைக்கச் சொன்னார்கள். மூன்று டஜனை இறக்கி வைத்தோம். மற்ற மூன்று டஜன் பாயின் அடியில் இருந்தது. வண்டி வளைவேறத் தொடங்கியதும் யாரோ அதைச் சொல்ல, எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

மறுநாள் குன்னூரைச் சுற்றிப் பார்க்கப் போனோம். நண்பகலில் சாலையோரம் வண்டி நிறுத்தும் இடமொன்றில், தைல மரங்களின் நிழலில் இறங்கினோம். கீழே பள்ளத்தாக்கில் மேகம் மிதந்துகொண்டிருந்தது. பாட்டில் தண்ணீரில் உளூச் செய்து, விரிப்புகளை விரித்து, ளுஹரையும் அஸரையும் சேர்த்துச் சுருக்கித் தொழுதோம். ஸுஜூதில் நெற்றியை வைத்தபோது விரிப்பினூடே புல்லின் ஈரம் பட்டது இன்றும் நினைவிருக்கிறது. பிறகு பிரியாணி. பதினெட்டுப் பேருக்கு முப்பது தட்டுகளாவது செலவாகியிருக்கும். எல்லாவற்றையும் ஒரு பெரிய பையில் திணித்து, வாயை இறுகக் கட்டி, ஒரு மரத்தடியில் சாய்த்து வைத்தோம். அருகில் குப்பைத்தொட்டி இல்லை. ‘எறிந்துவிட்டா போகிறோம், கட்டித்தானே வைத்திருக்கிறோம், யாராவது எடுத்துக்கொள்வார்கள்’ என்று மனம் சமாதானம் சொன்னது.

மாலையில் உதகைக்குத் திரும்பும்போதுதான் மாமியின் தொழுகை விரிப்பை அங்கேயே விட்டுவிட்டது தெரிந்தது. மக்காவிலிருந்து வாங்கி வந்த விரிப்பு அது. அதே இடத்தில் வண்டியை நிறுத்தி, நானும் ஒன்பது வயது மகளும் இறங்கினோம்.

தூய்மைப் பணியாளர் சீருடை அணிந்த ஓர் அம்மா, ஐம்பது வயது கடந்தவர், சரிவில் குனிந்து நின்று தட்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தார். குரங்குகள் பையைக் கிழித்து, எலும்பும் சோறும் தட்டும் பாட்டிலுமாகச் சரிவு முழுவதும் இறைத்திருந்தன. எங்களைக் கண்டதும் அந்த அம்மா ஒரு கல்லின் மேலிருந்து விரிப்பை எடுத்து நீட்டினார். நான்காக மடித்து வைத்திருந்தார்.

“இதைத் தேடித்தான் வந்தீங்களா கண்ணு? சாமி கும்பிடற துணியாட்டம் இருந்துச்சு. மிதிபட்டுரக் கூடாதுன்னு எடுத்து வெச்சேன்.”

நன்றி சொல்லி வாங்கினேன். அப்போது அந்த அம்மா காலடியில் கிடந்த கிழிந்த பையைக் காட்டிக் கேட்டார்: “இதுவும் உங்களுதுதானா?”

எங்கள் ஊர் உணவகமொன்றின் பை அது. துணி போலத் தோன்றினாலும் அதுவும் பிளாஸ்டிக்தான். கடையின் பெயர், ஊரின் பெயர், அதன்கீழ் பச்சை நிறத்தில் பெரிய எழுத்தில் ‘ஹலால்’ என்று அச்சிடப்பட்டிருந்தது.

“இல்லைம்மா” என்றேன்.

அந்த அம்மா என்னை ஒரு கணம் பார்த்தார். “சரி கண்ணு. யாரு வெச்சாங்களோ, பாவம், கட்டித்தான் வெச்சிருக்காங்க. கொரங்குக்குக் கட்டத் தெரியாது, அவுக்கத் தெரியுமே” என்று சொல்லிவிட்டு மீண்டும் குனிந்துகொண்டார்.

வண்டியில் ஏறியதும் மகள் என் காதருகே வந்து கேட்டாள்: “உம்மா, அது நம்ம பைதானே?”

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. ஒரே நாளில் குப்பையும் போட்டேன், பொய்யும் சொன்னேன். இரண்டுக்கும் என் பிள்ளையைச் சாட்சியாக்கினேன்.

ஊர் திரும்பிய பின் என்னை நானே கேட்டுக்கொண்ட கேள்வி இதுதான். வீட்டில் ஒரு சோற்றுப் பருக்கை சிந்தினாலும் எடுத்து வைக்கிற நாம், வாசலைக் காலையும் மாலையும் பெருக்குகிற நாம், பயணத்தில் மட்டும் ஏன் இப்படி ஆகிறோம்? அறியாமை என்று சொல்ல வழியில்லை. பாதையில் கிடக்கும் துன்பம் தருவதை அகற்றுவது ஈமானின் கிளைகளுள் ஒன்று என்ற நபிமொழியைக் குழந்தைகளுக்கு நானே கற்பித்திருக்கிறேன். மக்கள் நடக்கும் பாதையையும் அவர்கள் ஒதுங்கும் நிழலையும் அசுத்தப்படுத்துவது குறித்து நபி (ஸல்) அவர்கள் எவ்வளவு கடுமையாக எச்சரித்தார்கள் என்பதும் தெரியும். ஒரு முத்து அளவு தண்ணீரில், அதாவது இரு கைகள் கொள்ளும் அளவில், அவர்கள் உளூச் செய்ததும் தெரியும். தெரிந்தும் செய்தோம். ஆகவே குறை அறிவில் இல்லை. வேறெங்கோ இருக்கிறது.

பயணத்தில் நம்மை யாரும் அறியார். நாளை அந்த இடத்தில் நாம் இருக்கப் போவதில்லை. அறைக்கும் வண்டிக்கும் நுழைவுச் சீட்டுக்கும் பணம் கொடுத்துவிட்டோம் என்பதால், சுத்தம் செய்வதும் அந்தப் பணத்தில் அடக்கம் என்று எண்ணுகிறோம். களைப்பும் சேர்ந்துகொள்கிறது. பயணம் வேதனையின் ஒரு துண்டு என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னது புகாரியில் பதிவாகியிருக்கிறது. களைத்த மனிதன் எளிதானதைத்தான் செய்வான்.

அப்படியானால் பயணியை எது மாற்றுகிறது? இதை ஆராய்ந்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவின் விடுதியொன்றில், ஒரு முறை பயன்படுத்திய துண்டை மறுநாளும் பயன்படுத்தும்படி விருந்தினர்களைக் கேட்கும் அட்டைகளை வைத்துச் சோதித்தார்கள். 2008-இல் வெளியான ஆய்வு அது. சுற்றுச்சூழலைக் காக்க உதவுங்கள் என்ற அட்டையைக் கண்டவர்களில் சுமார் 35 விழுக்காட்டினர் இணங்கினர். விருந்தினர்களில் பெரும்பாலோர் அவ்வாறே செய்கின்றனர் என்ற அட்டையைக் கண்டவர்களில் 44 விழுக்காட்டினர் இணங்கினர். அடுத்த சோதனையில், இதே அறையில் முன்பு தங்கியவர்களில் பெரும்பாலோர் அப்படிச் செய்தார்கள் என்று எழுதியபோது இணங்கியவர்கள் 49 விழுக்காட்டை எட்டினார்கள். அறிவுரையைவிட, தனக்கு முன் அங்கே இருந்தவனின் செயல் மனிதனை அதிகம் அசைக்கிறது.

நார்வே நாட்டு விடுதிகளில் பஃபே மேசையில் தட்டின் அளவைச் சற்றே குறைத்தார்கள். வீணாகும் உணவு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. ஸ்லோவேனியாவில் ஒரு குடும்ப விடுதியில், தட்டில் மீதம் வைக்காத குடும்பங்களின் குழந்தைகளுக்கு முத்திரை சேர்க்கும் விளையாட்டு ஒன்றை வைத்தார்கள். தட்டில் எஞ்சும் உணவு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. இவ்வளவு தொலைவு போவானேன்? நாங்கள் சென்ற அதே மே மாதத்தில்தான், சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவை அடுத்து, நீலகிரியின் மதுக்கடைகளில் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாகப் பெற்று, காலி பாட்டிலைக் கொண்டுவந்தால் அதைத் திருப்பித் தரும் முறை தொடங்கியது. காடுகளில் உடைந்து கிடந்து யானையின் காலைக் கிழித்துக்கொண்டிருந்த பாட்டில்கள் கடைகளுக்குத் திரும்ப ஆரம்பித்தன. மது அருந்தியவன் பத்து ரூபாய்க்காகப் பாட்டிலைத் திருப்பிக் கொடுக்கிறான். தொழுது முடித்த நாங்கள் தட்டுகளை மரத்தடியில் விட்டு வந்தோம். இந்த ஒப்பீடு எனக்குக் கசந்தது. கசக்கத்தான் வேண்டும்.

இங்கே ஒரு கேள்வி எழலாம். பிறர் செய்வதைப் பார்த்துச் செய்வதும், காசுக்காகவும் பரிசுக்காகவும் செய்வதும் இறைவனுக்காகச் செய்வதாகுமா? செயல்கள் எண்ணங்களைக் கொண்டே அமைகின்றன என்பதன்றோ நமது அடிப்படை? நான் ஆலிமா அல்லள். தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்கிறேன். தொழுகையையே தனியாக மட்டும் விட்டுவிடாமல் ஜமாஅத்தாக நிறைவேற்ற ஊக்குவித்த மார்க்கம் நம்முடையது. தோளோடு தோள் நிற்கும்போது சோம்பேறியும் எழுந்து நிற்கிறான். நல்லோரின் கூட்டம் நற்செயலுக்குத் துணை. அதனால் நிய்யத் கெட்டுவிடுவதில்லை. ஏழு வயதுப் பிள்ளை பரிசுக்காகத் தொழத் தொடங்கலாம். பதினேழு வயதில் எதற்காகத் தொழுகிறது என்பதே கேள்வி. ஊக்கங்கள் வாசல் வரை கொண்டுவிடும். ஆளற்ற சாலையில், பரிசும் அபராதமும் பார்க்கும் கண்ணும் இல்லாத மரத்தடியில், பையைத் திரும்ப வண்டியில் ஏற்ற வைப்பது வேறொன்று.

அது என்னவென்று எனக்கு விளங்கியது, அந்த விரிப்பைத் துவைக்கும்போது. பூமி முழுவதும் தமக்குத் தொழுமிடமாகவும் தூய்மையானதாகவும் ஆக்கப்பட்டிருக்கிறது என்று நபி (ஸல்) அவர்கள் அறிவித்த செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. அதை இதுவரை நான் ஒரு சலுகையாகவே புரிந்துகொண்டிருந்தேன்: பள்ளிவாசல் இல்லாவிட்டால் எங்கும் தொழலாம். அன்றுதான் அதன் மறுபக்கம் தெரிந்தது. எங்கும் தொழலாம் என்றால், தொழுத இடம் தொழுமிடம். அன்று நண்பகல் அந்த மலைச்சரிவுதான் எங்கள் பள்ளிவாசல். பள்ளியின் உள்ளே எச்சில் தட்டுகளை மூட்டை கட்டி வைத்துவிட்டுக் கிளம்புவோமா? முஸ்லிமல்லாத அந்த அம்மா எங்கள் விரிப்பின் கண்ணியத்தைக் காத்தார். விரிப்பின் அடியில் இருந்த மண்ணின் கண்ணியத்தை நாங்கள் காக்கவில்லை.

உம்ரா சென்றவர்கள் ஹரமின் எல்லைக்குள் ஒரு செடியைக்கூடப் பறிக்கக் கூசுவதைப் பார்த்திருக்கிறோம். அந்த மண்ணின் புனிதம் தனியானது; அதற்கு வேறெதுவும் ஈடாகாது. ஆனால் அங்கே கற்றுக்கொண்ட கூச்சத்தில் ஒரு துளியை நம்மோடு எடுத்து வரலாமே. அதே உம்ராப் பயணத்தில், விடுதியின் பஃபே மேசையில் மலைபோல் குவித்து எடுத்துப் பாதியை விட்டு எழுந்ததும் நாம்தானே.

ஆகவே கடந்த 2025 மே மாதத்தில் மீண்டும் நீலகிரி செல்வதென்று முடிவானபோது, நிய்யத்தை வேனில் ஏறிய பின் வைக்காமல் சமையலறையிலேயே வைத்தேன். பயணத்தின் குப்பை வழியில் பிறப்பதில்லை. புறப்படும் முன் நாம் போடும் பட்டியலில் பிறக்கிறது. இம்முறை காகிதத் தட்டு ஒன்றுகூட ஏறவில்லை. பதிலாக வீட்டுப் பரணிலிருந்து ஐந்து சஹன்களை இறக்கினேன். கல்யாண வீடுகளில் மூன்று பேரும் நான்கு பேரும் சுற்றி அமர்ந்து ஒரே தட்டில் உண்ணும் வழக்கம் நமக்குப் பழையது. பதினைந்து பேர் உண்ட பின் கழுவ வேண்டியவை ஐந்து தட்டுகள் மட்டுமே. இவ்வளவு எளிய வழி வீட்டிலேயே இருக்க, இருநூறு தட்டுகளை விலைகொடுத்து வாங்கியிருந்தேன் என்பதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. ஆளுக்கொரு எவர்சில்வர் தண்ணீர்க்குப்பி, இரண்டு பெரிய குடங்கள், தீன்பண்டங்களுக்கு மூடியுள்ள தகர டப்பாக்கள் சேர்ந்தன. ஸ்லோவேனியா விளையாட்டையும் விடவில்லை. பாட்டில் வாங்காமல் குப்பியை நிரப்பிக்கொண்ட ஒவ்வொரு முறைக்கும் குழந்தைகளின் அட்டையில் ஒரு நட்சத்திரம்.

கல்லூரியில் படிக்கும் என் கொழுந்தனார் மகன் சிரித்தான். “சாச்சி, வருஷத்துக்கு லட்சக்கணக்கான பேர் போற ஊரு அது. நம்ம ஒரு வேன் திருந்தி ஊட்டி சுத்தமாயிடுமா?”

நான் பதில் தேடுவதற்குள் மாமி சொன்னார்: “ஊட்டி சுத்தமாவுறது நம்ம கையில இல்ல வாப்பா. நம்ம கை சுத்தமா இருக்கறது நம்ம கையிலதானே இருக்கு.”

எல்லாம் செம்மையாக நடந்தது என்று சொன்னால் அது இன்னொரு பொய்யாகிவிடும். கைக்குழந்தையின் டயப்பர்களுக்கு வழி காண முடியவில்லை. அவற்றைத் தனிப்பையில் கட்டி விடுதியில் ஒப்படைத்தோம். ஒருநாள் காலையுணவில் பெரியவர்கள் சிலரே தட்டு நிறைய எடுத்து மீதம் வைத்தார்கள். நட்சத்திர அட்டை வைத்திருந்த குழந்தைகள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வழியில் மூன்று பாட்டில் வாங்கவும் நேர்ந்தது. ஆறு டஜன் எங்கே, மூன்று எங்கே! அல்ஹம்துலில்லாஹ். வேடிக்கை என்னவென்றால், சிரித்த அந்தப் பையன்தான் இரண்டாம் நாள் முதல் எல்லோருடைய குப்பிகளையும் வாங்கிக்கொண்டு தண்ணீர் நிரப்பி வந்தான். சுற்றியிருப்பவர்கள் எல்லோரும் செய்யும்போது தனித்து நிற்க யாருக்கும் மனம் வருவதில்லை. அந்த ஆய்வாளர்கள் கண்டதும் இதைத்தானே.

குன்னூர் சாலையில் அதே இடத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னேன். தைல மரங்கள் அப்படியே இருந்தன. தொழுதோம், சஹனைச் சுற்றி அமர்ந்து உண்டோம், எலும்புகளையும் மீதத்தையும் மூடியுள்ள வாளியில் போட்டு வண்டியிலேயே ஏற்றினோம். கிளம்புமுன் பன்னிரண்டு வயதாகிவிட்ட என் மகள், எங்களுடையதல்லாத இரண்டு குவளைகளையும் பொறுக்கி வந்து வாளியில் போட்டாள். நான் சொல்லவில்லை. முன்பு அவள் கேட்ட கேள்விக்கு அன்றுதான் பதில் சொன்னேன். “ஆமாம்மா, அது நம்ம பைதான். உம்மா பொய் சொன்னேன்.” அவள் தலையசைத்தாள். அவளுக்கு எப்போதோ தெரியும்.

ஆனால் நான் தேடி வந்தவர் அங்கே இல்லை. சற்றுத் தொலைவில் வேலை செய்துகொண்டிருந்த பணியாளர்களிடம் விசாரித்தேன். பெயர் தெரியாது, அடையாளம் சொல்லியும் அவர்களுக்குப் புரியவில்லை. அல்லாஹ்வுக்குச் செய்த குற்றத்துக்கு அவனிடமே மன்னிப்புக் கேட்கலாம். அவன் மிக்க மன்னிப்பவன். அடியாருக்குச் செய்த குற்றத்தை அந்த அடியார் மன்னிக்க வேண்டும். அந்த அம்மாவின் குனிந்த முதுகுக்கும், என்னை நம்பாமலே ‘சரி கண்ணு’ என்று என் மானத்தைக் காத்த பெருந்தன்மைக்கும் நான் பட்ட கடன் இன்னும் தீரவில்லை.

அன்புச் சகோதர சகோதரிகளே, இந்தக் கோடையில் நீங்கள் எங்கு சென்றாலும், உங்கள் நெற்றி பட்ட மண் ஒன்று அங்கே இருக்கும். நீங்கள் கிளம்பிய பின் அங்கே குனியப்போகிறவர் ஒருவரும் இருப்பார். வீட்டில் பட்டியல் போடும்போதே அவ்விரண்டையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் பயணங்களை நன்மையானவையாக ஆக்குவாயாக. நாங்கள் தங்கிச் சென்ற இடங்களை எங்களுக்கு எதிரான சாட்சிகளாக ஆக்கிவிடாதே. பெயரறியாத அந்தத் தாய்க்கு உடல்நலத்தையும் நிம்மதியான வாழ்வையும் தந்தருள்வாயாக. ஆமீன்.